ஐந்து கட்டையில் ஓர் ஆல்ட்டோ

செங்கம் சாலையில், வெளிநாட்டுக்காரர்கள் அறை எடுத்துத் தங்கும் பகுதியில் ஒரு காபிக் கடை இருந்தது. கடைக்காரர் அடி அண்ணாமலையைச் சேர்ந்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வாடிக்கையாளர், பெட்டியில் இடமில்லை என்று ஒரு சின்ன கீபோர்டை அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் பாதிக் கட்டைகள் ஒலிக்கவில்லை. அந்தக் கடைக்கு ஒயரிங் செய்தவன் என் அண்ணன். "என் தங்கச்சி பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் லேப்ல வேலைல இருக்குது, குடுங்க, பாக்கட்டும்" என்று சொல்லி அதை வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டான்.

பழுது பெரிதில்லை. கட்டைகளுக்குக் கீழே இருக்கும் ரப்பர் பட்டையில் அழுக்கு சேர்ந்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பிறகு வழக்கம்போல வரிசையாகச் சோதித்தேன்: முதலில் ஒவ்வொரு கட்டையாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மும்மூன்றாக. மூன்றாவது சோதனையில்தான் நின்றுவிட்டேன். ஒரு கட்டை விட்டு ஒரு கட்டையாக மூன்றை அழுத்தியிருந்தேன். சுண்டுவிரலை மட்டும் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தினேன். மாறியது ஒரு சுரம். ஆனால் மற்ற இரண்டும் மாறிவிட்டது போலக் கேட்டது. விரல்கள் அப்படியே இருப்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். சோதனைத் தாளில் 'பழுது இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே 'ஒன்று நகர்ந்தால் மற்றவை ஏன் வேறு மாதிரி கேட்கின்றன?' என்று எழுதினேன்.

அந்தக் கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சனி, ஞாயிறுகளில் மேற்கத்திய இசைக்குப் பட்டயப் படிப்பு நடப்பதைச் செய்தித்தாளில் பார்த்து விண்ணப்பம் போட்டேன். பாலிடெக்னிக் முதல்வர் சனிக்கிழமைகளில் எனக்கு விலக்குக் கொடுத்தார். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, என் கேள்விக்கு ஒரு பாடமே இருக்கிறது, அதன் பெயர் ஹார்மனி என்று. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. விடியற்காலை பஸ்ஸில் ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் ஒரு பயிற்சியை மனத்துக்குள்ளேயே போட்டுவிடலாம்.

ஹார்மனி பாடத்தில் அடிப்படை வேலை ஒன்றுதான். நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு சுரங்களைப் பாடுவதாக வைத்துக்கொண்டு, அந்த நான்கு வரிகளையும் எழுத வேண்டும். மேலே பெண் குரல், சோப்ரானோ. அதற்குக் கீழே இன்னொரு பெண் குரல், ஆல்ட்டோ. அடுத்து ஆண் குரல், டெனர். எல்லாவற்றுக்கும் அடியில் கனத்த ஆண் குரல், பேஸ். நான்கும் ஒரு கணத்தில் சேர்ந்து ஒலிப்பது ஒரு கார்டு. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போக வேண்டும், எப்படிப் போகக் கூடாது என்பதற்கு விதிகள் இருந்தன. விதிகள் என்றதும் எனக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. எல்லாவற்றையும் எண்ணிட்டு ஒரு அட்டையில் எழுதினேன். முதல் எண்ணில் இருந்தது இது: இரண்டு குரல்கள் ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளியில் இருந்தால், அதே இடைவெளியோடு சேர்ந்து அடுத்த சுரத்துக்கு நகரக் கூடாது. ஏன் என்பதற்கு, குரல்களின் தனித்தன்மை கெடும் என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் அடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

முதல் தேர்வில் தோற்றேன். பிழையால் அல்ல, சரிபார்த்ததால். நான்கு குரல்கள் என்றால் ஆறு ஜோடிகள். ஒவ்வொரு நகர்வுக்கும் ஆறு ஜோடிகளையும் அட்டையிலிருந்த எல்லா விதிகளோடும் ஒப்பிட்டேன். நான்கு கேள்விகளில் இரண்டாவதை முடிக்கும்போது மணி அடித்துவிட்டது. முடித்திருந்த விடைக்குப் பக்கத்தில் ஆசிரியை பென்சிலால் எழுதியிருந்தார்: 'பிழை இல்லை. இந்த ஆல்ட்டோவை ஒரு முறையாவது பாடிப் பார்த்தீர்களா?'

பார்க்கவில்லை. என் முறை அப்படி. முதலில் மெட்டை சோப்ரானோவுக்குக் கொடுப்பேன்; பிறகு பேஸ்; பிறகு டெனர். கார்டில் எந்தச் சுரம் மிச்சமோ அது ஆல்ட்டோவுக்கு.

தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. பதினாறு தாளக்கட்டுகளுக்குச் சொந்தமாக நான்கு குரல் இசை ஒன்று எழுத வேண்டும். அதை நான்கு பேர் சேர்ந்து பாடி, கேசட்டில் பதிந்து கொடுக்க வேண்டும். அதன் மேல் வாய்மொழித் தேர்வு. கீபோர்டு கூடாது, மனிதக் குரல்தான். இதிலும் தேறாவிட்டால் சேர்க்கை ரத்து. அதன் பிறகு சனிக்கிழமை விலக்கும் இல்லை, படிப்பும் இல்லை. கையில் இரண்டு மாதம் இருந்தது.

திருவண்ணாமலையில் நான்கு குரலில் பாட யார் கிடைப்பார்கள்? பெயர்களை எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் இதுதான் மிஞ்சியது. சோப்ரானோ நான். டெனர் அண்ணன்; மார்கழி பஜனைக் குழுவில் தவறாமல் பாடுபவன். பேஸ் காபிக் கடைக்காரர். 'ரெண்டு காபி' என்று அவர் சொன்னால் கிளாஸ் அதிரும். ஆல்ட்டோ அண்ணி. என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். போளூரில், கல்யாணத்துக்கு முன்பு, வர்ணம் வரைக்கும் முறையாகக் கற்றுக்கொண்டவள்.

காபிக் கடையில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கூட்டம் இருக்காது; எனக்கும் ஆய்வகத்தில் காலை நேர வேலைதான். முதல் நாள், ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியில் முதல் நான்கு தாளக்கட்டை 'லா' என்று பாடிக் காட்டினேன். ஆளுக்கு ஒரு தரம் திருப்பிப் பாடினார்கள். சரியாகத்தான் இருந்தது.

"இப்போ எல்லாரும் சேந்து" என்றேன். கையை அசைத்துவிட்டு என் வரியைத் தொடங்கினேன்.

மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தொடையில் தாளம் போட்டார். நான்கு தாளக்கட்டு முடிந்து நான் நிறுத்தியதும், மூவரும் ஒரே குரலில், முழுத் தொண்டையில், நான் பாடியதை அப்படியே திருப்பிப் பாடினார்கள்.

"நான் பாடும்போதே ஏன் பாடல?" என்று கேட்டேன்.

"நீ எடுத்துக் குடுத்தாதானே நாங்க வாங்கிப் பாடணும்?" என்றான் அண்ணன். "பஜனைல அப்படித்தானே. நீ பாடிக்கினு இருக்கும்போதே நான் வேற ஒண்ண பாடினா, சண்டைக்கு வர மாதிரி இருக்காது?"

"அதுதாண்ணா இது. ஆளுக்கு ஒண்ணு பாடணும், ஆனா சண்டை வரக் கூடாது."

"நம்ம வீட்ல தெனம் நடக்கறதுதான்" என்றாள் அண்ணி. "சண்டையோட."

"சாமி பேரு கூட இல்லாத பாட்டு" என்று கடைக்காரர் கவலைப்பட்டார். "லா லானு எவ்ளோ நேரம் டீச்சர் பாடறது? நடுவுல ஒரு அரோகரா போட்டுக்கலாமா?"

போடக் கூடாது என்றேன். அடுத்த மூன்று வாரங்கள் தனித்தனியாகப் பழக்கினேன். யார் குரல் யாரை இழுக்கிறது என்று குறித்துவைத்தேன். அண்ணனை என் மெட்டு இழுத்தது. அவனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு காதைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். பிறகு அவனுக்கு அந்த வரி எவ்வளவு பழகிவிட்டது என்றால், தன் எலெக்ட்ரிக் கடையில் ஃபேன் மாட்டும்போதும் அதையே முனகினான். "இது இன்னாண்ணா பாட்டு, எங்கயுமே போவ மாட்டேங்குது" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டாராம். கடைக்காரரை யாரும் இழுக்க முடியவில்லை. அவர் பாட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார்.

சிக்கல், குறையே வராது என்று நான் நம்பியிருந்த அண்ணியிடம் வந்தது.

நம் பாடகர்களுக்கு ச என்பது அவரவர் குரலுக்கு ஏற்றபடி அமைவது. கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி அதைச் சொல்வார்கள்: பொதுவாக ஆண்களுக்கு ஒரு கட்டையிலும் பெண்களுக்கு ஐந்து கட்டையிலும் ச இருக்கும். நான் எழுதிய இசை ஒரு கட்டைக்கு. அதில் ஆல்ட்டோவின் முதல் சுரம் ப. கீபோர்டில் அது ஐந்தாம் கட்டை. அண்ணிக்கோ ஏழு வயதிலிருந்து அந்த ஒலிதான் ச. தாளில் நான் என்ன பெயர் எழுதினாலும் அவள் காது அதை மாற்றிக்கொள்ளவில்லை. அவள் கணக்கில் அவள் வரி, ச-வில் தொடங்கி மேலும் கீழும் போய், கடைசியில் த-வில் நின்றது. அவள் நிற்க மாட்டாள். த-வைத் தொட்டு, ஒரு சின்ன அசைவு கொடுத்து, வழுக்கிக்கொண்டு ச-வுக்குப் போய்விடுவாள்.

"அண்ணி, அங்கயே நிறுத்துங்க."

"எப்படி நிறுத்தறது? வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போவாம நிக்கறதா?"

"வீடு அங்க இல்ல அண்ணி. வீடு கீழ, ஒரு கட்டைல இருக்குது."

"அது உங்க அண்ணனுக்கும் கடைக்காரருக்கும் வீடு. எனக்கு அஞ்சு கட்டைதான். கல்யாணம் பண்ணிக்கினு வந்ததுக்கு சுருதியும் மாத்திக்கணுமா?"

கடைக்காரர் அவசரமாகப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அதுவரை அவனுக்கு அந்தச் சுவர் அவ்வளவு பயன்பட்டிருக்காது.

மறுநாள் ஆய்வகத்தில், மாணவர்கள் வருவதற்கு முன், அண்ணியின் சுரங்களை ஒரு அட்டவணையாகப் போட்டேன். எது அசையாமல் நிற்கிறது, எது அசைகிறது? இரண்டுதான் நின்றன: அவள் ச-வும் அவள் ப-வும். மற்றவற்றில் அவள் தொண்டை தானாகவே கமகம் போட்டது, அப்படித்தான் கற்றிருந்தாள். அவளைத் திருத்த எனக்கு ஒரு வருடம் ஆகும். எழுத்தைத் திருத்த ஓர் இரவு போதும்.

ஆகவே முதல்முறையாக ஆல்ட்டோவிலிருந்து எழுதத் தொடங்கினேன். இரண்டே சுரங்கள். அந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும் கார்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த இரண்டு கார்டுகள் கைவிட்டுப் போயின. அடுத்தடுத்த கார்டுகளுக்குப் பொதுவான சுரம் இருந்தால் அதை அதே குரலில் விட்டுவை என்று ஒரு விதி உண்டு. அதைச் சோம்பேறிகளுக்கான சலுகை என்று நினைத்திருந்தேன். இப்போது பக்கம் முழுக்க அதன் மேல்தான் நின்றது. கடைசி இடத்தில் மட்டும் கவனம் வேண்டியிருந்தது. முடிவில் பேஸ் தன் ப-விலிருந்து தன் ச-வுக்கு இறங்கும். அண்ணியும் அதே கணத்தில் தன் ப-விலிருந்து தன் ச-வுக்குப் போனால், இரண்டு குரலும் ஒரே இடைவெளியில் சேர்ந்து நகரும். என் அட்டையின் முதல் எண் உடையும். அதனால் அண்ணியை ஒரு கார்டு முன்னதாகவே ச-வுக்கு அனுப்பி, அங்கேயே காத்திருக்கும்படி எழுதினேன்.

புதிய தாளை அண்ணி பார்த்தாள். "ச ச ச ச, ப ப, ச ச ச. இதுக்கு நான் எதுக்கு? சுருதிப் பெட்டிய வெச்சிட்டுப் போவலாமே."

"ஒரு தடவ பாடிப் பாருங்க."

பாடினோம். எட்டாவது தாளக்கட்டில் அண்ணி தானாக நிறுத்திவிட்டாள். தப்புச் செய்துவிட்டாளோ என்று பார்த்தேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் நவுரவே இல்ல பாப்பா. ஆனா ஒவ்வொரு தடவையும் என் ச வேற மாதிரி கேக்குது. நீங்க இன்னா பண்றீங்க?"

விளக்கத் தொடங்கினேன். கையை நீட்டித் தடுத்துவிட்டு, "இரு, சொல்லாத. இன்னொரு வாட்டி பாடலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் சுருதிப் பெட்டி பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை கேசட்டைக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, அன்றைக்குக் கடைக்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆகவே வியாழன் மதியம் பதிவு. அண்ணன் தன் கடையிலிருந்து டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தான். மேசை அதிராமலிருக்க அடியில் துண்டை மடித்து வைத்தேன். முதல் முறை கடைக்காரர் சிரித்துவிட்டார். இரண்டாம் முறை, மிச்சம் இரண்டு தாளக்கட்டு இருக்கும்போது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்து எலுமிச்சை டீ கேட்டார்; கடைக்காரர் பேஸ் குரலிலேயே "உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் முறை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, நான்கு பேரும் சேர்ந்தே போய் சேர்ந்தே நின்றோம். டீக்காகக் காத்திருந்த பெண்மணி கை தட்டினார். அண்ணன் கேசட்டை முத்தமிடப் போனான்.

போட்டுக் கேட்டோம். பதினைந்து தாளக்கட்டு வரை எழுதியது எழுதியபடி. கடைசியில், அண்ணி முன்னதாகப் போகவில்லை. ப-விலேயே இருந்துவிட்டு, பேஸோடு சேர்ந்து ச-வுக்கு வந்திருந்தாள்.

மணி மூன்றரை ஆகிவிட்டிருந்தது. ஒரு பிழைக்கு எத்தனை மதிப்பெண் குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கடைசி எடத்த இன்னொரு வாட்டி ஓட்டு" என்றாள் அண்ணி.

ஓட்டினேன்.

"நான் எங்க?"

"பாடறீங்களே அண்ணி."

"பாடறேன், தெரியும். அதுவரைக்கும் என் குரல் தனியா கேக்குது. கடைசில காணல. அவர் குரலுக்குள்ள போயிடுது."

"நான் ஒண்ணும் பண்லமா" என்றார் கடைக்காரர்.

மறுபடி ஓட்டினேன். ஆமாம். பதினைந்து தாளக்கட்டு வரை நான்கு பேர் இருந்தோம். கடைசி இரண்டு கார்டுகளில் மூன்று பேர்தான். இத்தனை மாதமாக எண் ஒன்று என்று எழுதி, டிக் அடித்து, ஆறு ஜோடிகளிலும் தேடிய விஷயம் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அட்டையைப் பார்த்திராத ஒருத்தி தன் குரலைத் தேடியதால் தெரிந்தது. அண்ணியிடம் விவரத்தைச் சொன்னேன்: ஒரு கார்டு முன்னால் போய்க் காத்திருந்தால் கேட்கும், கூடவே போனால் கேட்காது.

"அப்போ திரும்பப் பாடு" என்றாள்.

"நல்லா வந்ததயா?" அண்ணன் தலையில் கை வைத்தான். "நாலு மணிக்கு நான் கடை தொறக்கணும். யாரு காதுல அது விழப் போவுது?"

"என் காதுல விழுந்துச்சே."

மூன்றாம் பதிவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கேசட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் நான்காவதைத் தொடங்கினோம். ஒன்பதாவது தாளக்கட்டில், பௌர்ணமிக்காக விட்டிருந்த சிறப்புப் பேருந்து ஒன்று, கடைக்கு நேராக வந்து நீளமாக ஹாரன் அடித்தது. திடுக்கிட்டதில் அண்ணனுக்குத் தாளத்தில் இரண்டு அடி போய்விட்டது, பிறகு பிடித்துக்கொண்டான். அண்ணி சாலைப் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் ஒரு கார்டு முன்னால் போய் நின்றாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி வந்து சேர்ந்தோம்.

இரண்டு பக்கங்கள். முன்பக்கம் சத்தமில்லாமல் சுத்தமாக இருந்தது. ஆனால் எந்த மாணவியும் செய்யக் கூடாத முதல் பிழை அதில் இருந்தது. பின்பக்கம் எழுத்துச் சரி. ஹாரனும், டெனர் இல்லாத இரண்டு அடியும் இருந்தன. சென்னை பஸ்ஸில் இரண்டையும் ஒரு தாளில் எதிரெதிராக எழுதினேன். எந்தப் பக்கம் எனக்குத் தேர்ச்சி தரும் என்று தாள் சொல்லவில்லை. பல்கலைக்கழக வாசலில் இறங்கும்போது, 'இந்தப் பக்கம்' என்று பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு அம்மையார் வந்திருந்தார். தாளைப் பார்த்தபடி கேட்டார். ஹாரன் வந்தபோது தலையைத் தூக்கினார்.

"இது என்ன சுரம்?"

"இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது, மேடம். கீபோர்டில் வைத்துப் பார்த்தேன், எதிலும் சேரவில்லை."

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. "உங்கள் ஆல்ட்டோ ஏன் இரண்டு சுரத்திலேயே இருக்கிறது?"

"பாடுபவருக்கு ஐந்து கட்டை சுருதி. அந்த இரண்டும் அவருடைய ச, ப."

"அதற்காக இரண்டு கார்டுகளை விட்டுவிட்டீர்களா?"

"ஆமாம்."

கேசட்டைத் திருப்பி, முன்பக்கத்தில் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதையும் போட்டுக் கேட்டார். கடைசிக் கார்டுகள் வந்ததும் பென்சிலை மேசையில் வைத்தார்.

"இது சத்தமில்லாமல் இருக்கிறதே. ஏன் இதைக் கொடுக்கவில்லை?"

"இதில் கடைசியில் ஆல்ட்டோ கேட்கவில்லை, மேடம். பாடியவரே கண்டுபிடித்தார்."

அவர் பின்பக்கத்தை இன்னொரு முறை கடைசிவரை கேட்டார். பிறகு வெளியே காத்திருக்கச் சொன்னார்.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். ஐம்பது தேர்ச்சி, எனக்கு ஐம்பத்தெட்டு. எதிரிலிருந்த தொலைபேசி நிலையத்திலிருந்து அண்ணன் கடைக்குப் பேசினேன். எடுத்தது அண்ணி.

"பாஸா, பெயிலா?"

"பாஸ் அண்ணி."

"எவ்ளோ?"

சொன்னேன். பின்னாலிருந்து அண்ணன் ஏதோ கத்தினான்; ரெண்டு அடி விட்டது என் கணக்கு, கழிச்சுக்கச் சொல்லு என்பது போலக் கேட்டது.

"நாலு பேரு பாடினோமே" என்றாள் அண்ணி. "அதுல எனக்கு எவ்ளோ?"

மனத்துக்குள் வகுத்தேன். "பதினாலரை."

"அவ்ளோதானா?" என்றாள். "எடத்த விட்டு நவுராம நின்னேன் பாரு, அதுக்கு இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி குடுத்திருக்கலாம்."